கூலி என்பது யார்?

தமிழில் கூலி ஒரு பொருள். செய்த வேலைக்கு ஈடாகக் கையில் வாங்குவது. நெல்லாக வாங்கியிருக்கிறோம், படியில் அளந்த சோளமாக வாங்கியிருக்கிறோம், இன்று ரூபாயாக வாங்குகிறோம். அதை வாங்குகிறவளுக்குத் தமிழ் தனிப் பெயர் வைத்திருந்தது: கூலியாள், கூலிக்காரி. வாங்குவது வேறு, வாங்குகிறவள் வேறு என்பது சொல்லிலேயே தெரியும். இந்தச் சொல் கப்பலேறி ஆங்கிலத்துக்குப் போனபோது 'ஆள்' கழன்று கடலில் விழுந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'கூலி' என்றால் மனிதர். மூட்டை தூக்குகிறவர், கரும்பு வெட்டுகிறவர், கொழுந்து கிள்ளுகிறவர். அவர் வாங்கும் காசே அவருக்குப் பெயராகிப் போனது.

ஒரு மனிதரை அவருடைய விலையைச் சொல்லி அழைக்கலாமா? கேட்டால் கூடாது என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் அந்தப் பதிலோடு இந்தச் சொல்லை விட்டுவிட எனக்கு மனமில்லை. விலை குறைந்த வேலையும் விலையே இல்லாத வேலையும் பெண்கள் பங்குக்கே வந்திருக்கின்றன. அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் கேள்வி வேறாகத் தெரிகிறது.

முதலில் சொல் போன வழியைப் பார்ப்போம். ஆங்கில அகராதிக்காரர்களிடையே இதைப் பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு. ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் சேர்ந்து தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி 1886இல் வெளிவந்தது. இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களின் பெரிய களஞ்சியம் அது. பர்னல் நமக்கு அந்நியர் அல்லர். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். 'கூலி' என்ற சொல்லுக்கு அந்த அகராதி இரண்டு பிறப்பிடங்களைப் பேசுகிறது. ஒன்று குஜராத் பக்கத்துக் கோலி என்ற சமூகத்தின் பெயர். மற்றொன்று நம்முடைய கூலி. மேற்குக் கரையில் கோலி மக்களிடம் வேலை வாங்கிப் பழகிய போர்ச்சுகீசியர் வாய்வழியாக ஒரு சொல்லும், தெற்கே புழங்கிய இன்னொரு சொல்லும் ஒன்றில் ஒன்று கலந்திருக்கலாம் என்பதே இன்றுவரை சொல்லப்படும் சமாதானம்.

இந்த வழக்கில் தமிழ் வென்றால் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. இரண்டு பிறப்பிடங்களும் அருகருகே நிற்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. ஒன்று பிறப்பின் பெயர். ஒன்று வேலைக்கான ஈட்டின் பெயர். இன்ன வீட்டில் பிறந்தால் இன்ன வேலை, அதற்கு இன்ன அளவு நெல் என்று விதித்து வைத்த ஒரு நாட்டிலிருந்து போன சொல்லுக்கு இப்படி இரட்டைப் பிறப்பு இருப்பதில் வியப்பில்லை. வெள்ளைக்காரன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நாம் இரண்டு சொற்களாக வைத்திருந்ததை அவன் ஒரே சொல்லாக்கிக்கொண்டான்.

சீனத்துக்குப் போனபோது இதற்கு இன்னொன்று நேர்ந்தது. ஒலிக்கு ஏற்ற இரண்டு எழுத்துகளைத் தேடிய சீனர்கள் 'கசப்பு' என்று பொருள்படும் எழுத்தையும் 'வலு' என்று பொருள்படும் எழுத்தையும் சேர்த்து 'கூ லீ' என்று எழுதினார்கள். கசந்த வலு. பொருள் தெரியாமல் வாங்கிய சொல்லுக்கு இதைவிடச் சரியான பொருளை அகராதி எழுதிய யாரும் தரவில்லை.

தமிழில் இச்சொல்லுக்குத் தொடக்கத்தில் இழிவே கிடையாது. திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆம் குறளில் கூலி வருகிறது. தெய்வத்தால் ஆகாத காரியத்திலும் உடம்பு வருந்திய வருத்தத்துக்கு ஈடு கிடைக்கும் என்று சொல்லும் இடம் அது. வள்ளுவர் அங்கே முயற்சியைக் கொடுப்பவராகவும் கூலியை அது தரும் பொருளாகவும் வைக்கிறார். உடம்பின் வருத்தத்துக்கு உரியது கூலி. அதை யாரும் இரக்கப்பட்டுப் போடவில்லை. கூலம் என்றால் தானியம். மணிமேகலை இயற்றிய சாத்தனாரைக் கூலவாணிகர் என்கிறோம். தானியமாக அளக்கப்பட்டதால் கூலி என்று பெயர் வந்தது என்று சொல்வோரும் உண்டு.

ஆங்கிலத்திலும் கூலியைக் குறிக்கும் சொற்களுக்குக் கதை இருக்கிறது. 'சாலரி' உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'வேஜ்' என்பதன் பழைய பொருள் பிணையாக வைக்கும் பொருள், உறுதிமொழி. திருமணத்தைக் குறிக்கும் 'வெட்டிங்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து முளைத்ததுதான். வேலைக்கான ஈடும் கல்யாணமும் ஒரு வேரில் பிறந்து, ஒன்றில் மாதம் முடிந்தால் பணம் என்றும் மற்றதில் ஆயுள் முடிந்தாலும் பணம் இல்லை என்றும் பிரிந்துபோயின. சொற்களின் வரலாற்றைப் படிக்கும் பெண்ணுக்கு இப்படிப்பட்ட இடங்களில் சிரிப்பும் வரும், வேறொன்றும் வரும்.

1834 ஆகஸ்ட் முதல் தேதி பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் 'அட்லஸ்' கப்பல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு மொரீசியஸ் போய்ச் சேர்ந்தது. 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1879இல் பிஜி. ஐந்தாண்டு ஒப்பந்தம், கைநாட்டு வைத்த தாளில் என்ன எழுதியிருந்தது என்பது வைத்தவருக்குத் தெரியாது. அடிமை என்ற சொல்லைச் சட்டம் எடுத்துவிட்டது. காலியான இடத்தில் 'கூலி' உட்கார்ந்தது.

அந்தக் கப்பல்களில் பெண்கள் ஒரு கணக்காகவே ஏற்றப்பட்டார்கள். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி. தோட்டத்தில் ஆண்கள் நிலைத்து இருப்பதற்கு என்ன தேவையோ அதற்கான அளவு அது. பிஜியின் கரும்புத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். முக்கால் கூலி. 1912இல் அங்கே குந்தி என்ற பெண் தன்னைக் கெடுக்க வந்த மேற்பார்வையாளனிடமிருந்து தப்பிக்க ஆற்றில் குதித்தாள். உயிர் பிழைத்த அவளுடைய வாக்குமூலம் கல்கத்தாவின் 'பாரத் மித்ரா' இதழில் வெளிவந்து நாட்டை உலுக்கியது. பாரதி பிஜித் தீவின் பெண்களுக்காகப் பாடிய பாட்டு நம் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. குந்தியின் பெயர் இல்லை.

நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மீது ஆண்டுக்கு 3 பவுண்டு வரி போட்டார்கள். ஒப்பந்தக் கூலி முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங். 3 பவுண்டு என்பது 60 ஷில்லிங். அந்த வரி பெண்கள் மீதும் பெண் குழந்தைகள் மீதும் விழுந்தது. கூலி தரும்போது முக்கால் ஆளாகத் தெரிந்த பெண், வரி வாங்கும்போது முழு ஆளாகத் தெரிந்தாள். 1913இல் டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை தாண்டி நியூகாசில் போய், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசி வேலைநிறுத்தத்துக்கு எழுப்பியவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். கைக்குழந்தையோடு சிறை போனவர்கள் உண்டு. அப்போராட்டத்தில் சிறை சென்று காய்ச்சலோடு வெளிவந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22இல் இறந்தாள். வயது 16. அந்த ஆண்டே வரி நீக்கப்பட்டது.

இலங்கைத் தேயிலை மலைகளில் மொழிகளுக்கு இடையே ஒரு பண்டமாற்று நடந்தது. கூலியும் கங்காணியும் துண்டும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போயின. வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளைக் குறிக்கும் 'லைன்', லயம் என்று தமிழுக்கு வந்தது. கடன் கணக்கு எழுதிய துண்டு இல்லாமல் தோட்டம் மாற முடியாது. பெண் கிள்ளிய கொழுந்துக்கான காசைக் கணவன் கைநாட்டு வைத்து வாங்கிப் போவது அங்கே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அதிகாரியின் ஏட்டில் அவள் ஒரு கூலி. ஆனால் கூலி அவள் கைக்கு வரவில்லை. பெயராகச் சுமந்த பொருளைப் பொருளாகத் தொட முடியாமல் போன ஒருத்தியை நினைத்துப் பாருங்கள்.

இவையெல்லாம் கடலுக்கு அப்பால் நடந்தவை என்று விட்டுவிடலாம். நான் இருக்கும் தேவதானப்பட்டியில் இந்தச் சொல் எப்படி இருக்கிறது?

ஊர்ப் பெயரிலேயே நிலம் இருக்கிறது. தேவதானம் என்றால் இறைவனுக்கு விடப்பட்ட நிலம். தமிழ்நாடெங்கும் உள்ள தேவதானக் கல்வெட்டுகளில் கொடுத்தவர் பெயரும் எல்லைகளும் நுணுக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த நிலத்தில் நாற்று நட்டவள் பெயரைக் கல்லில் தேடினால் கிடைப்பது அரிது. எங்கள் மூங்கிலணைக் காமாட்சி கோயிலில் கதவு திறப்பதில்லை. பூட்டிய கதவுக்குத்தான் பூசை. உள்ளே இருப்பவளைப் பார்க்காமலே வணங்கப் பழகிய ஊர் இது. பார்க்காமலே வேலை வாங்கவும் நமக்குப் பழக்கம் உண்டு.

மஞ்சளாற்றுப் பாசனத்தில் நெல், வாழை, கரும்பு. பெரியகுளம் வரைக்கும் மாந்தோப்புகள். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க விடிகாலையில் ஜீப்புகள் கிளம்பும். கூடலூர், கம்பம், போடியிலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு போகும். இருட்டில் போய் இருட்டில் திரும்புவார்கள். ஏலக்காய் கொத்தோடு தரையில் படர்ந்து காய்க்கும். குனிந்தே எடுக்க வேண்டும். அந்தக் குனிவுதான் உலகச் சந்தைக்குப் போகும் பச்சைக் காய்.

இந்தப் பெண்களின் மகள்கள்தான் என் வகுப்பில் உட்காருகிறார்கள். கல்லூரி விண்ணப்பங்களில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரே சொல். தமிழில் நிரப்பினால் கூலி. ஆங்கிலத்தில் நிரப்பினாலும் கூலிதான், ஆங்கில எழுத்தில். தென்னாப்பிரிக்காவிலும் கயானாவிலும் முகத்துக்கு நேரே சொன்னால் அடிதடியில் முடியும் ஒரு வசைச்சொல்லை இங்கே பதினேழு வயதுப் பெண் தன் கையெழுத்தில் அப்பாவுக்குத் தொழிலாக எழுதுகிறாள். 'தாயின் தொழில்' என்ற கட்டத்தில் இல்லத்தரசி என்று இருக்கும். அந்த அம்மா ஏலத்தோட்டத்துக்குப் போகிறவளாக இருந்தாலும் அப்படித்தான். ஒருமுறை ஒரு தாயிடம் இதைக் கேட்டேன். "வீட்ல இருக்கவளுக்குத்தான அந்தப் பேரு? நான் வீட்ல எங்க டீச்சர் இருக்கேன்?" என்றார்.

அப்பாவுக்கு இருக்கும் இழிந்த சொல்லும் அம்மாவுக்கு இல்லை. அரசி என்ற உயர்ந்த சொல்லைக் கொடுத்து அவள் போகும் வேலையை விண்ணப்பத்திலிருந்து துடைத்துவிட்டோம். பெண்ணை மறைக்க இழிசொல் தேவையில்லை. மரியாதையான சொல்லே போதும்.

விண்ணப்பத்தில் மட்டும் நடப்பதல்ல இது. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிட ஓர் அளவுகோலை வகுத்தது. சம்பாதிக்கும் ஒருவரைச் சார்ந்த குடும்பம் மூன்று நுகர்வு அலகுகள் கொண்டது என்பது அதன் அடிப்படை. ஆண் 1, பெண் 0.8, இரண்டு குழந்தைகள் தலைக்கு 0.6. பெண்களின் வருமானத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றும் அதிலேயே சொல்லப்பட்டது. ஒருவர் சம்பளத்திலேயே குடும்பம் வாழ வேண்டும் என்ற நல்லெண்ணம் அதில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கணக்கில் பெண் சம்பாதிப்பவளாக இல்லை, சாப்பிடுபவளாக மட்டும் இருக்கிறாள். அதிலும் ஒரு பங்கு குறைவாக. சம ஊதியச் சட்டம் 1976இல் வந்துவிட்டது. ஆனாலும் களையெடுப்பும் நடவும் 'பொம்பளையாள் வேலை' என்று பிரிக்கப்பட்ட வயலில், வேலையே வேறு என்று சொல்லிக் கூலியை வேறாக்க எந்தச் சட்டமும் தடையாக இருந்ததில்லை.

கூலியை வைத்துத் தமிழில் ஒரு மரபுத்தொடர் இருக்கிறது: கூலிக்கு மாரடித்தல். மனம் ஒட்டாமல் கடமைக்குச் செய்யும் வேலையைப் பழிக்க இதைச் சொல்கிறோம். அலுவலகக் கோப்பைத் தள்ளிவிடும் ஆண்களைப் பற்றியும் சொல்கிறோம். ஆனால் இந்தத் தொடருக்குள் நிற்பவர்கள் சாவு வீட்டுக்கு அழைக்கப்பட்டு மாரடித்து ஒப்பாரி வைத்த பெண்கள். இறந்தவர் பெருமையை அடுக்கி, சொந்தக்காரர்களுக்கே வராத அழுகையை வரவழைத்தவர்கள். அவர்களுடைய பாட்டில் இருந்த கவிதையை நாட்டார் வழக்காற்றியல் இன்று ஆராய்ச்சிப் பொருளாக வைத்திருக்கிறது. மொழியோ அவர்களைப் போலித்தனத்துக்கு உவமையாக வைத்திருக்கிறது. காரணம் ஒன்றே: அவர்கள் அழுகைக்குக் கூலி வாங்கினார்கள். அதே சாவு வீட்டில் வேதம் ஓதியவர் வாங்கியது தட்சணை. அதற்கு இழிவான மரபுத்தொடர் கிடையாது.

இங்கேதான் பெண்ணுக்குப் பொறி வைக்கப்பட்டிருக்கிறது. கூலி வாங்காமல் செய்தால் அது அன்பு, பாசம், தாய்மை. அன்புக்கு விலை பேசலாமா என்று கேட்டு வாயை அடைத்துவிடலாம். கூலி வாங்கிச் செய்தால் அது மாரடிப்பு. மனமில்லாத வேலைக்கு இவ்வளவு போதாதா என்று குறைத்துக் கொடுக்கலாம். நோயாளியைத் துடைத்துவிடும் ஆயா, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர், சத்துணவு சமைக்கும் பெண் ஆகிய எல்லோரும் இந்த இரண்டு சுவர்களுக்கு நடுவே நிற்கிறார்கள். வேலை தாய்மை போல இருக்க வேண்டும். சம்பளமும் தாய்க்குக் கிடைப்பது போலவே இருக்க வேண்டும்.

1972இல் மரியரோசா டல்லா கோஸ்டா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடரிச்சி முதலியோர் வீட்டு வேலைக்குக் கூலி கேட்டு இயக்கம் தொடங்கியபோது பெண்ணியவாதிகளிடையே கூட எதிர்ப்பு எழுந்தது. வீட்டு வேலைக்கு விலை வைத்தால் பெண் அடுப்படியிலேயே நிலைபெற்றுவிடுவாள் என்றார்கள். அதில் நியாயம் உண்டு. எல்லாவற்றுக்கும் கூலி நிர்ணயித்துவிட்டால், மனிதரை விலையால் அழைத்த ஆங்கிலேயன் பக்கம்தானே நாமும் போய் நிற்போம் என்ற கேள்வியும் எழுகிறது.

நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். கூலி ஒரு வரம்பு. காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை, இந்த வேலை, இவ்வளவு பணம் என்று சொல்லும்போதே மீதி நேரம் என்னுடையது, மீதி நான் என்னுடையவள் என்பதும் சொல்லப்பட்டுவிடுகிறது. வயலில் பொழுது சாய்ந்ததும் பெண்கள் அரிவாளைக் கீழே போட முடிகிறது. வீட்டில் அந்தப் பொழுது சாய்வதேயில்லை. கூலி பேசாத இடத்தில்தான் ஆள் முழுவதுமாக எடுத்துக்கொள்ளப்படுகிறாள். வேலைக்கு விலை வைப்பதும் ஆளுக்கு விலை வைப்பதும் ஒன்றல்ல. முதலாவதைச் செய்யத் தவறும் இடத்தில் இரண்டாவது நடந்துவிடுகிறது.

தமிழ்நாட்டு அரசு 2023 செப்டம்பர் 15 முதல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது அதற்கு உதவித்தொகை என்று பெயரிடவில்லை, உரிமைத் தொகை என்றது. ஆயிரம் ரூபாயில் வீட்டு வேலையின் எத்தனை மணி நேரத்தை வாங்க முடியும் என்று கணக்குப் போட்டால் சிரிப்பு வரும். ஆனால் சொல் சிறியதல்ல. உதவி என்றால் கை தாழ்ந்திருக்க வேண்டும். உரிமை என்றால் வராத மாதத்தில் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். எங்கள் ஊர் வங்கி வாசலில் அப்படிக் கேட்கும் குரல்களை நான் கேட்கிறேன்.

கேட்பதற்குத் தண்டனை உண்டு என்பதையும் நம் வரலாறு அறியும். கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி கேட்டு நின்ற ஒரு சேரியின் சாம்பல் அது.

கேட்டுப் பெற்ற கதையும் அருகிலேயே இருக்கிறது. 2015 செப்டம்பரில் எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் சாலையில் அமர்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். மூன்று நான்கு தலைமுறைக்கு முன் இந்தப் பக்கத்து மாவட்டங்களிலிருந்து மலையேறியவர்களின் வழிவந்தவர்கள். 20 விழுக்காடாக இருந்த போனசை 10 ஆகக் குறைத்ததே தீப்பொறி. அன்று அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய், கேட்டது 500. பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பேச வந்த ஆண் தொழிற்சங்கத் தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு வாரத்துக்கும் மேலாக ஊர் நின்றது. 20 விழுக்காடு திரும்பக் கிடைத்தது. அடுத்த மாதம் கூலி 301 ரூபாய் என்று முடிவானது. 500 இல்லைதான். ஆனால் அவர்களுக்காக அவர்கள் பேசியதில் கிடைத்த தொகை அது. அந்தச் சாலையில் கூலி மறுபடியும் தமிழ்ச் சொல்லாக இருந்தது: ஆளின் பெயராக இல்லை, ஆள் கேட்கும் பொருளாக.

சொல்லை மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. 2016 ரயில்வே வரவுசெலவு அறிக்கையில் நிலையத்துக் கூலிகள் இனி 'சகாயக்' என்று அழைக்கப்படுவார்கள் என்று அறிவித்தார்கள். உதவியாளர் என்று பொருள். மூட்டையின் எடை பெயரால் குறையவில்லை. மறுபக்கம், வசையையே எடுத்து அணிந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். மொரீசியஸ் கவிஞர் கால் டொராபுல்லி 1992இல் 'கூலிட்யூட்' என்ற சொல்லை உருவாக்கி, கடல் கடந்தவர்களின் வரலாற்றுக்குப் பெயராக்கினார். 1903இல் கர்ப்பிணியாகத் தனியே கப்பலேறி கயானா போன தன் கொள்ளுப்பாட்டியைத் தேடி காயுத்ரா பகதூர் எழுதிய நூலின் பெயர் 'கூலி வுமன்', 2013இல் வந்தது. மறைத்தால் பாட்டியே மறைந்துவிடுவாள் என்பதால் அந்தச் சொல்லை அட்டையில் வைத்தார். தமிழிலோ சொல் ஊரைச் சுற்றி வீடு திரும்பியிருக்கிறது: 2025இல் வந்த ரஜினிகாந்த் படத்தின் பெயர் 'கூலி'. அதைப் பார்த்த யாரும் ஒரு நாள் சம்பளத்தை நினைக்கவில்லை. ஓர் ஆணைத்தான் நினைத்தார்கள். ஆங்கிலம் மாற்றிய பொருளை நாமே திரும்ப இறக்குமதி செய்துகொண்டோம். அந்தச் சொல்லில் இப்போது ஆள் இருக்கிறான். ஆனால் பெண்ணாள் இல்லை.

எந்தச் சொல்லையும் தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய பிரிவினையைத் திரும்பக் கொண்டுவரலாம் என்கிறேன். கூலி என்பது யார் என்று கேட்டால், யாரும் இல்லை என்பதே விடை. கூலி என்பது எவ்வளவு, யாருக்கு வர வேண்டியது, ஏன் இன்னும் வரவில்லை என்ற கேள்விகளுக்குத்தான் அந்தச் சொல் பொருத்தமானது. அதில் வெட்கப்பட ஏதாவது இருந்தால், அது வாங்குகிறவள் பக்கம் இல்லை. அளக்கும் படியைக் குறைத்துப் பிடித்த கையின் பக்கம் இருக்கிறது. மாணவிகளே, உங்கள் அம்மாவின் தொழில் என்ன என்று அடுத்த முறை ஒரு தாள் கேட்டால் அவர் செய்யும் வேலையின் பெயரை எழுதுங்கள்: ஏலக்காய் எடுப்பவர், நாற்று நடுபவர், கட்டடத்தில் சித்தாள், வீட்டில் சமைத்து முதியவர்களைப் பராமரிப்பவர். கட்டம் சிறியதாக இருந்தால் ஓரத்தில் எழுதுங்கள். தாள் கேட்காவிட்டாலும், அதற்கெல்லாம் வர வேண்டிய கூலி எவ்வளவு என்று ஒருநாள் அம்மாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.